டெல்ஃப்ட் கூரைகளும் கற்பிட்டிக் கரையும்

நகரங்களை ஓவியமாகத் தீட்டுவதும், தீட்டிய ஓவியங்களைக் கையாலேயே மீண்டும் மீண்டும் படியெடுத்து விற்பதும் பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்தில் செழித்து வளர்ந்த தொழில்கள். கலை வரலாறு எழுதுவோர் அவற்றின் ஒளியையும் நிழலையும் வியந்து பேசி அமைவர். அவ்வோவியங்களை வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைப் புத்தளக் கரையில் வாழும் நாமாவது கேட்க வேண்டும்.

1660-61 ஆம் ஆண்டளவில் வெர்மீர் தம் ஊராகிய டெல்ஃப்ட் நகரைத் தீட்டினார். அமைதியான நீர்ப்பரப்பு, அதற்கப்பால் நகர வாயில்கள், மேகம் விலகிய இடத்தில் வெயில் படும் கூரைகள். உலகம் போற்றும் ஓவியம் அது. அதன் இடப்பக்கத்தே நீண்டு கிடக்கும் ஒரு கூரையை ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் பண்டகசாலை என்று அடையாளம் காட்டுகிறார் வரலாற்றாசிரியர் திமோதி புரூக். கம்பனியின் ஆறு கிளைகளுள் ஒன்று டெல்ஃப்ட் நகரில் இருந்தது. கீழைநாட்டுக் கறுவாவும் மிளகும் ஈட்டிய இலாபத்திற் பங்கு பெற்ற நகரம் அது.

அதே காலத்தில் நமது கரையில் நடந்தது என்ன? 1659 இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கற்பிட்டியைக் கைப்பற்றினர். 1667 இல் தொடங்கி 1676 இல் கோட்டையைக் கட்டி முடித்தனர். புத்தளக் களப்பின் வாயிலைக் காவல் செய்யும் இடம் அது. புத்தளமோ கண்டி இராச்சியம் கடலைத் தொடும் துறைகளுள் ஒன்று. 1344 இல் இங்கு வந்திறங்கிய இபுனு பதூதா, கரையெங்கும் கறுவா மரங்கள் குவிந்து கிடக்கக் கண்டதாக எழுதியிருக்கிறார். மலைநாட்டுப் பாக்கு வெளியே போவதும், களப்போரத்து உப்பு மலைநாட்டுக்குப் போவதும் இவ்வழியேதான். அவ்வழியைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ளவே கம்பனி இங்கே மதிலெழுப்பியது. டெல்ஃப்டின் கூரையும் கற்பிட்டியின் மதிலும் ஒரே கணக்கேட்டின் வரவும் செலவும் ஆகும். வரவுப் பக்கத்தை மட்டும் ஓவியர் வரைந்தார். முருகைக்கல் வெட்டியவன், சுண்ணாம்பு சுட்டவன், சுமந்தவன் ஆகியோரின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை.

ஊர்களின் பெயரைக்கூட ஒல்லாந்தர் படியெடுத்தனர். நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயிற்று; காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. தம் நகரங்களை நமது கடலிலே மறுபடி எழுதிப் பார்த்த மனோபாவம் இது.

படியெடுக்கும் தொழிலின் இயல்பை இனி நோக்குவோம். கெரிற் பெர்க்ஹெய்டே அம்ஸ்ரடாமின் நகர மண்டபத்தைப் பலமுறை தீட்டினார்; ஒவ்வொன்றையும் வாங்க வணிகர் இருந்தனர். அந்நகரிலேயே யோகான்னஸ் விங்போன்ஸ் என்பவர் கப்பலோட்டிகள் கொண்டுவந்த வரைபடங்களைப் பார்த்து, ஆசியத் துறைமுகங்களை நீர்வண்ணத்திற் படியெடுத்து விற்றார். தாம் தீட்டிய துறைகளுக்கு அவர் வந்தவர் அல்லர். சுவீடனின் கிறிஸ்தினா இராணி அவருடைய படங்களை 1654 இல் வாங்கினார். பின்னர் புளோரன்சின் மெடிச்சி இளவரசரும் வாங்கினார். கம்பனியின் அம்ஸ்ரடாம் மாளிகையிற் கொச்சியும் கண்ணனூரும் பெரிய எண்ணெய்வண்ண ஓவியங்களாகத் தொங்கின. கடல் கடவாத இயக்குநர்கள் அண்ணாந்து பார்த்துத் தம் உடைமையை மதிப்பிட்டனர். அவர்களுக்கு அந்த ஓவியங்கள் உறுதிப்பத்திரத்துக்கு ஒப்பானவை.

இன்று கைகள் இடம் மாறியுள்ளன. சீனாவின் சென்சென் நகரையடுத்த டாபென் கிராமத்தில், 1989 இல் ஹொங்கொங் வணிகர் ஒருவர் தொடக்கிய பட்டறையிலிருந்து ஐரோப்பிய ஓவியங்களைக் கையாற் படியெடுக்கும் பெருந்தொழில் வளர்ந்தது. அன்று ஆசிய நகரங்களை ஐரோப்பியப் பட்டறை படியெடுத்தது. இன்று ஐரோப்பிய ஓவியங்களை ஆசியப் பட்டறை படியெடுக்கிறது. படியெடுப்பவனுக்குப் பெயரில்லை என்பது மட்டும் மாறவில்லை.

ஆயினும் நகர ஓவியத்தை முதலாளியின் அலங்காரப் பொருள் என்று ஒதுக்கிவிடுதல் தவறாகும். 1770 முதல் 1780 வரை பெலொட்டோ என்னும் வெனிஸ் ஓவியர் போலந்து மன்னருக்காக வார்சோ நகரின் தெருக்களை நுணுக்கமாகத் தீட்டினார். 1944 இல் நாசிகள் அந்நகரைத் திட்டமிட்டுத் தகர்த்தனர். போர் முடிந்தபின் மக்கள் தம் பழைய நகரை மீண்டும் எழுப்பியபோது மன்னருக்கென்று தீட்டிய அவ்வோவியங்கள் வழிகாட்டின. அவற்றோடு துணைநின்றவை, வார்சோத் தொழில்நுட்பக் கல்லூரியின் ஆசிரியரும் மாணவரும் கட்டடங்களை அளந்து வரைந்து, போர்க்காலத்தில் ஒளித்துக் காத்த படங்கள். மன்னனுக்குரிய ஓவியம் மக்களின் நினைவாக மாறிற்று. மாணவரின் அளவுகோல் அதற்கு உறுதி தந்தது.

இந்தச் செய்தி நமக்கு அயலானதன்று. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை அவர்தம் ஊர்களிலிருந்து வெளியேற்றினர். 70,000 க்கு மேற்பட்ட அம்மக்களிற் பெருந்தொகையினர் புத்தளத்தையும் கற்பிட்டியையும் வந்தடைந்தனர். அவர்கள் விட்டுவந்த தெருக்களைத் தீட்டிவைத்த பெலொட்டோ எவருமில்லை. பள்ளிவாசல் எந்த மூலையில் இருந்தது, கிணறு எவர் வளவில் இருந்தது, கடைகள் எந்த வரிசையில் நின்றன என்பன முதியோரின் நெஞ்சிலே மட்டும் எழுதப்பட்டுள்ளன. அம்முதியோர் மறையுந்தோறும் ஒரு தெரு அழிகிறது.

கற்பிட்டியிலேயே நமக்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1807 இல் இவ்வூரிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834 இல் இலங்கையின் ஊர்களை அகரவரிசையில் விவரித்து ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அந்நியன் வரைந்த படத்துக்குக் காத்திராமல், இந்நாட்டு ஊர்களை இந்நாட்டவரே எழுதலாம் என்று காட்டிய முயற்சி அது.

அதைத் தொடர்வதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஓர் அளவுநாடாவும் கோட்டுத்தாளும் பென்சிலும் கொண்டு ஒரு வகுப்பு மாணவர் தம் தெருவை அளந்து வரையலாம். இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை தன் பாட்டியை அருகிருத்தி அவள் சொல்லச் சொல்ல பழைய தெருவை வரையலாம். மீன்வாடியும் உப்பளமும் கருவாடு காயும் மணலும் அப்படங்களில் இடம்பெற வேண்டும். அங்கே உழைப்போரின் பெயர்களும் இடம்பெற வேண்டும். வரைந்தவற்றைப் படியெடுத்துப் பாடசாலைதோறும் வையுங்கள். கோட்டையின் வரைபடம் ஒல்லாந்தரின் ஆவணக் காப்பகத்திற் பத்திரமாக இருக்கும். நம் குடிசைகளின் வரைபடத்தை நாமே பத்திரப்படுத்த வேண்டும்.