செம்பைப் பூட்டிய வளையம்: ரப்பர் தோட்டமும் லேசர் தடுப்பும்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய நாளில், பாலை உறைய வைக்கும் தொட்டிகள் அலுமினியத்தில் இருந்தன. செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் பாலுக்கு ஆகாது. தனித்த செம்பு அயனி ரப்பரைக் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரத் தூண்டும். பத்து லட்சத்தில் சில பங்கு கலந்தாலே ஷீட் நாளடைவில் பிசுபிசுத்துக் கெடும். ஆனால் அதே ரப்பரில் செய்த நீலப் பலூனுக்கு நிறம் தருவது பெரும்பாலும் செம்பு தாலோசயனின் என்னும் நிறமி. அதன் எடையில் ஒன்பதில் ஒரு பங்கு செம்பு. அப்படியிருந்தும் பலூன் இற்றுப்போவதில்லை.

காரணம் பூட்டு. வளையமாக அமைந்த இந்த மூலக்கூறில் நான்கு நைட்ரஜன் அணுக்கள் நடுவிலிருக்கும் உலோகத்தை இறுகப் பிடித்திருக்கின்றன. பால்மர இலையின் பச்சையமும் இதற்கு நெருங்கிய உறவுதான். அங்கே நடுவில் மக்னீசியம். லேசர் ஒளியை மட்டுப்படுத்தும் பொருள்களின் வரலாற்றை நான் இந்த வளையத்தின் வரலாறாகவே படிக்கிறேன்: நடுவில் எந்த உலோகம் அமர்கிறது என்பதே அதன் திருப்பங்களை முடிவு செய்திருக்கிறது.

1907இல் ப்ரான், செர்னியாக் இருவரும் வேறொன்றைத் தயாரிக்கும்போது உலோகமில்லாத தாலோசயனினைக் கண்டார்கள், கண்டதோடு சரி. 1927இல் சுவிட்சர்லாந்தில் டி டீஸ்பாக், வான் டெர் வைட் கைக்குச் செம்பு வகை கிடைத்தது. அதன் அமைப்பு அவர்களுக்கும் பிடிபடவில்லை. 1928இல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் சாயத் தொழிற்சாலையில் ஒரு கலத்தின் எனாமல் பூச்சு உதிர்ந்தது. உள்ளிருந்த இரும்பு வெளிப்பட்டு, வெள்ளையாக வரவேண்டிய சரக்கில் நீலப்பச்சைக் கறை படிந்தது. வேறொரு மேற்பார்வையாளராக இருந்தால் கழுவிக் கொட்டியிருப்பார். இங்கே கறையை ஆராய்ந்தார்கள். அது இரும்புத் தாலோசயனின். 1930களின் தொடக்கத்தில் லண்டனில் லின்ஸ்டெட் அமைப்பை வகுத்தார். 1935இல் செம்பு வகை ‘மொனாஸ்ட்ரல் நீலம்’ என்று சந்தைக்கு வந்தது.

1960இல் மெய்மன் லேசரை ஒளிரவைத்த பின் சாயத்துக்கு இரண்டாம் வாழ்வு பிறந்தது. கண்ணின் வில்லை லேசர் கற்றையை விழித்திரையில் ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு செறிவாக்கிவிடும். இமைக்கும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே ஒளி கூடினால் தானே தடுக்கும் பொருள் தேவைப்பட்டது. 1967இல் ஜூலியானோ, ஹெஸ் இருவரும் சில சாயங்களில் விந்தையொன்றைக் கண்டார்கள். மங்கலான ஒளியை ஓரளவு விட்டுவிடும் மூலக்கூறு, ஒளி கூடக்கூட அதிகமாக விழுங்கியது. ஒரு கவளம் உண்டவனுக்குப் பசி கூடுவது போல, ஒரு ஒளித்துகளை வாங்கிக் கிளர்ந்த மூலக்கூறுக்கு அடுத்ததில் வேட்கை அதிகம். அந்தக் கிளர்ச்சி நீடிக்க மூலக்கூறு ‘மும்மைநிலை’ எனும் இடைத்தங்கலுக்குள் போக வேண்டும். கனமான உலோகம் நடுவில் இருந்தால் அங்கே போவது எளிது. ஆகவே செம்பும் அலுமினியமும் பின்தங்க, இண்டியமும் ஈயமும் முன்வந்தன. 1996இல் பெரி குழுவினர் இண்டியத் தாலோசயனினைக் கற்றையின் பாதையில் செறிவு மாறுமாறு அடுக்கி, 532 நானோமீட்டர் பச்சை லேசரின் 8 நானோவினாடித் துடிப்புகளை 540 மடங்கு வரை குறைத்துக் காட்டினார்கள். தாலோசயனின் சிவப்பையும் புற ஊதாவையும் பலமாக உறிஞ்சும். பச்சை இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் விழுவதால்தான் இது கைகூடியது.

வளையத்துக்குள் இடம் ஒன்றுதான். இன்னும் கன அணுக்கள் வேண்டுமானால் வெளியில்தான் சேர்க்க வேண்டும். அதற்கு வந்தவை குவாண்டம் புள்ளிகள். எகிமோவும் புரூஸும் 1980களின் தொடக்கத்தில் கண்டு, 1993இல் பவெண்டி சீராக வளர்த்து, 2023இல் மூவருக்கும் நோபல் பெற்றுத் தந்த சில நானோமீட்டர் அளவுள்ள படிகங்கள் இவை. தென்னாப்பிரிக்காவின் ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் டெபெல்லோ நியோகாங் குழு, காட்மியம் டெல்லூரைடு போன்ற புள்ளிகளைத் தாலோசயனினோடு பிணைத்தது. கன அணுக்கள் வளையத்துக்கு வெளியிலிருந்தே மும்மைநிலைக்குத் தள்ளுகின்றன. புள்ளியும் தன் பங்குக்கு ஒளியை உறிஞ்சுகிறது. காட்மியத்தின் நஞ்சுதான் உறுத்துகிறது. கிராஃபீன் புள்ளிகள் பக்கம் ஆய்வுகள் திரும்பியதில் வியப்பில்லை.

நெகிரி செம்பிலானின் நீலாயை ஒட்டி, சிப்பாங்கில் 1998இல் திறந்த விமான நிலையத்துக்கு இவை உதவுமா என்று கேட்கலாம். விமானியின் கண்ணில் தரையிலிருந்து அடிக்கும் கைலேசர் தருவது குறைந்த திறனுள்ள தொடர் ஒளி, துடிப்பு அல்ல. மூலக்கூறுகளின் பசியைக் கிளப்ப அது போதாது. அங்கே இன்னமும் அந்தந்த நிறத்தை வடிக்கும் கண்ணாடியைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.