அரைப்புள்ளி

எங்க ஊர்ப் பக்கம் ஒரு கணக்கு உண்டு. நகரத்தார் வீடுகளில் கல்யாணம் ஆன ஒரு தம்பதி என்றால் ஒரு 'புள்ளி'. கோயில் வரி, ஊர்ப் பொதுச் செலவு எல்லாம் புள்ளிக் கணக்கில்தான். புருஷனோ பெண்டாட்டியோ போய்விட்டால் மிச்சம் இருப்பவர் 'அரைப்புள்ளி'. சின்ன வயதில் எங்க ஆயா இதைச் சொன்னபோது கணக்குப் பாடம் மாதிரி சிரித்துக்கொண்டே கேட்டேன். ஆயாவும் ஓர் அரைப்புள்ளி என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. கல்யாண வீடுகளில் ஆயா ஏன் எப்போதும் இரண்டாம் கட்டிலேயே நின்றுவிடுகிறார் என்பதும்தான்.

போன வாரம் வகுப்பில் ஒரு பேச்சு வந்தது. அடிபட்ட இரண்டு பேர் பழசையெல்லாம் மறந்து காதலித்துப் புது வாழ்க்கை தொடங்குவது சினிமாவில் மட்டும்தான் நடக்கும் என்றான் நண்பன் ஒருவன். இல்லைடா, நம்ம காரைக்குடியிலேயே நடந்திருக்கு என்றேன். அதற்கான பதிவுதான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள் :)

முதலில் காலத்தைப் பார்த்துவிடுவோம். செட்டிநாட்டு ஆண்கள் கொண்டுவிற்கப் பர்மா, இலங்கை, மலேயா என்று கப்பலேறிய காலம். போனால் திரும்பி வர வருஷக்கணக்கு ஆகும். பெண்களுக்கோ சின்ன வயதிலேயே கல்யாணம். பெண்ணின் திருமண வயது குறைந்தது 14 என்று சொன்ன சாரதா சட்டமே 1929ல்தான் வந்தது. ஆக, வாழ்க்கை என்றால் என்னவென்று தெரியும் முன்பே தாலியை இழந்த பெண்கள் பெரிய பெரிய வீடுகளுக்குள் இருந்தார்கள். அந்த முகப்பையும் தேக்குத் தூண்களையும் படம் எடுக்கிறோமே, அதற்குப் பின்னால்!

விதவை மறுமணத்துக்குச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். 1856லேயே இருந்தது. ஆனால் அதிலேயே ஒரு கொக்கி. மறுமணம் செய்துகொண்டால் முதல் கணவன் வழியாக வந்த சொத்தில் அவளுக்கு உரிமை போய்விடும். புது வாழ்க்கை வேண்டுமா, பழைய வீட்டில் சோறு வேண்டுமா, இரண்டில் ஒன்றுதான்.

இந்த நிலையில்தான் காரைக்குடிக்காரர் சொ. முருகப்பா வருகிறார். ஆரம்பத்தில் இவர் சொந்தச் சாதியைச் சீர்திருத்தக் கிளம்பியவர். 1920ல் இவர் தொடங்கிய பத்திரிகையின் பெயரே 'தனவைசிய ஊழியன்'. தனவைசியர் என்றால் நகரத்தார். பிறகு 'குமரன்' நடத்தினார். சாதிக்காகப் பத்திரிகை தொடங்கிய மனிதர், பின்னாளில் கணவனை இழந்த மரகதவல்லியைத் திருமணம் செய்துகொண்டார். ஊர் என்ன பேசியிருக்கும் என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. வழக்கமாக இப்படிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் ஊரைவிட்டுத் தள்ளிப்போய் பழைய கதை வெளியே தெரியாமல் வாழப் பார்ப்பார்கள். மரகதவல்லி நேர்மாறு. 1930களில் காரைக்குடியிலிருந்தே ஒரு பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். அதன் பெயர் 'மாதர் மறுமணம்'. எதை மறைத்துக்கொள்ளச் சொல்லி ஊர் நெருக்குமோ, அதையே எடுத்து அட்டையில் போட்டுவிட்டார்!

சரி, இது ஜெயித்த கதை. எல்லாருக்கும் அப்படி அமையவில்லை.

சுயமரியாதைத் திருமணங்கள் 1928ல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் தொடங்கின. புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை, நாலு பேர் முன்னால் மாலை மாற்றிக்கொண்டால் போதும். 1929ல் செங்கல்பட்டு மாநாட்டில் பெண்களுக்குச் சொத்துரிமை, மறுமணம், மணவிலக்கு எல்லாவற்றுக்கும் தீர்மானம் போட்டார்கள். அதன்பின் பழைய வாழ்க்கையில் அடிபட்டவர்கள் பலருக்கு அந்த மேடைதான் வாசல்.

அப்படி 1930களில் மணம் செய்துகொண்டவர்கள் சிதம்பரம் செட்டியாரும் ரங்கம்மாளும். அவர் நகரத்தார், முன்பே ஒரு திருமணம் ஆனவர். ரங்கம்மாள் ரெட்டியார் வகுப்பு, கணவனை இழந்தவர். இருவரும் சேர்ந்து வாழ்ந்தார்கள், குழந்தைகளும் பிறந்தன. ஊர் கணவன் மனைவி என்றுதான் பார்த்தது.

பிறகு சொத்து வழக்கு வந்தது. 'தெய்வானை ஆச்சி எதிர் சிதம்பரம் செட்டியார்' என்று சட்டப் புத்தகங்களில் இன்றைக்கும் இருக்கிறது. 1953ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஏழடி எடுத்து வைக்கவில்லை, சாஸ்திரச் சடங்கு நடக்கவில்லை, இந்த முறை நெடுநாள் வழக்கம் என்றும் சொல்ல முடியாது, ஆகவே இந்தத் திருமணம் செல்லாது!

யோசித்துப் பாருங்கள். விதவை என்ற பெயரை ஒரு பெண் துணிச்சலோடு உதறிவிட்டு வருகிறாள். இருபது வருஷம் குடும்பம் நடத்துகிறாள். கடைசியில் நீ மனைவியே இல்லை என்கிறார்கள். பிள்ளைகளும் சட்டப்படியான பிள்ளைகள் இல்லை என்றாகிவிடுகிறது. பழைய பெயரைவிட மோசமான ஒரு பெயர்! ரங்கம்மாளுக்கு மட்டுமா? இதே முறையில் கல்யாணம் செய்த அத்தனை வீடுகளிலும் அன்றைக்கு என்ன பயம் இருந்திருக்கும்?

இந்த வழக்கைப் படித்த பிறகுதான் நண்பனுக்குச் சொல்ல எனக்கு ஒரு பதில் கிடைத்தது. பழசை மறப்பது அந்த இரண்டு பேருக்கு முடிகிற காரியம்தான். மறக்காதது மற்றவர்களின் கணக்குப் புத்தகம். ஊர் ஒரு புத்தகம் வைத்திருக்கிறது, உறவு ஒன்று, கோர்ட்டு ஒன்று. இவர்கள் மனசு மாறினால் மட்டும் போதாது, அந்தப் புத்தகங்களிலும் எழுத்து மாற வேண்டும்.

மாறியது. 1967ல் அண்ணா தலைமையில் அமைந்த அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. உறவினர் அல்லது நண்பர்கள் முன்னால் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும், தாலி கட்டினாலும் திருமணம் செல்லும். முக்கியமான விஷயம், அதற்கு முன்பே அந்த முறையில் நடந்தவற்றுக்கும், சில விலக்குகளோடு, அது அங்கீகாரம் கொடுத்தது. பழைய புத்தகத்தைத் திறந்து திருத்தி எழுதினார்கள் என்றே சொல்லலாம். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், இந்தத் திருமணத்தைப் பத்துப் பேரைக் கூட்டி ஊரறியச் சொல்லித்தான் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்றது. வீட்டுக்குப் பயந்து ஓடி வருகிற ஜோடிகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆனால் சட்டம் மாறிவிட்டதால் எல்லாம் மாறிவிட்டதா? போன மாதம் எங்க உறவில் ஒரு கல்யாணம். ஆயா வழக்கம்போல இரண்டாம் கட்டிலேயே நின்றார். கையைப் பிடித்து முன்னால் அழைத்தேன். "வேணாம்டா தம்பி, நல்ல காரியத்துல எதுக்கு" என்றார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. யாரும் வாங்க என்று கூப்பிடவும் இல்லை. மரகதவல்லி பத்திரிகை நடத்திய அதே ஊர்தான்.

எழுத்தில் அரைப்புள்ளி வைத்தால் வாக்கியம் இன்னும் முடியவில்லை என்றுதான் அர்த்தம். அடுத்த கல்யாணத்திலும் ஆயாவின் கையைப் பிடித்து இழுக்கப் போகிறேன். வருவாரா தெரியாது.

உங்க வீட்டிலும் இப்படி ஓர் ஆயா, அத்தை, பெரியம்மா இருந்தால், அவங்க கதையைக் கேட்டுப் பாருங்கள். பின்னூட்டத்தில் சொன்னால் சந்தோஷம்.