இராயப்பு என்றால் பீற்றர்

2021 இல் மறைந்த மன்னார் முன்னாள் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகையின் பெயரைக் கண்டு, ‘இராயப்பு’ என்றால் என்ன என்று இளையோர் என்னிடம் வினவுவதுண்டு. பீற்றருக்கு, அதாவது பேதுருவுக்கு, கத்தோலிக்கத் தமிழர் வழங்கிய பெயர் இராயப்பர். வீட்டு வழக்கில் அது இராயப்பு.

‘பவுலுஸ்’ என்ற இலத்தீன் சொல்லுக்குச் சிறியவர் என்பது பொருள். எனவே பவுல் சின்னப்பர் ஆனார். ‘கடவுள் அருள்கூர்ந்தார்’ எனப் பொருள்படும் யோவான் அருளப்பர் ஆனார். இவை பொருள்வழி வந்தவை. போர்த்துக்கேய ஒலிவழி வந்தவை சூசையும் வஸ்தியாம்பிள்ளையும்: முன்னது ஜோசே, பின்னது செபஸ்தியாவோ.

1995 இல் வெளியான திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு பேதுரு, பவுல், யோவான் என்ற வடிவங்களையே கைக்கொண்டது. பழைய பெயர்கள் அருகி வருகின்றன. சின்னப்புவும் பவுலும் ஒரே பெயரென அறியாதவர், பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் தம் பூட்டனையே கண்டும் காணாது கடந்துவிடுவார். வீட்டு முதியவரிடம் இன்றே கேட்டு எழுதிவையுங்கள்.