இஸ்தான்புல் இரவும் விளக்கின் வரலாறும்

ஒரு நகரத்தின் வரலாற்றைப் பகலில் படிக்கும் முறை ஒன்று. இரவில் படிக்கும் முறை வேறொன்று. பகலில் கதிரவன் எல்லாவற்றையும் வேறுபாடின்றிக் காட்டிவிடுகிறது. இரவிலோ, மனிதர் எதைக் காட்ட விரும்பினரோ அதுவே முதலில் தெரிகிறது. ஆகவே, ஒரு நகரத்தார் எங்கெங்கு விளக்கேற்றினர் என்று கேட்பது, அவர்கள் எதைப் பெரிதென மதித்தனர் என்று கேட்பதேயாகும். இக்கேள்வியைக் கேட்பதற்கு இஸ்தான்புல்லைப் போன்று தக்க நகரம் அரிது. ஐரோப்பாவையும் ஆசியாவையும் பிரிக்கும் போஸ்பரஸ் நீரிணை அதன் நடுவே ஓடுவதால், அந்நகருக்குள் இருந்துகொண்டே அதனை வெளியிலிருந்து காண இயலும்.

எமினோனுத் துறையில் இஷாவுக்குப் பின் உஸ்குதார் செல்லும் பயணப் படகில் ஏறிப் பின்னோக்கி நிற்போமாயின், கரை மெல்ல விலக விலக நகரம் ஒரு நூலேடு போல் விரிகிறது. நீர்முனையில் புதிய பள்ளிவாசல். அதற்குமேல் குன்றின்மீது, சினான் என்னும் பெருங்கலைஞர் 1557இல் நிறைவு செய்த சுலைமானிய்யா. தெற்கே ஆயா சோபியாவும் ஆறு மினாராக்களைக் கொண்ட சுல்தான் அஹ்மத் பள்ளியும். வலக்கைப் பக்கம் கலத்தா கோபுரம். வடக்கே 1973இல் திறக்கப்பட்ட முதலாவது போஸ்பரஸ் பாலம் நிறம் மாறி மாறி ஒளிர்கிறது. இவ்வொளிகள் யாவும் ஒரே காலத்தவை அல்ல. ஒரே நோக்கத்தவையும் அல்ல.

முதலில் சொல்லாராய்ச்சி செய்வோம். நெருப்பைக் குறிக்கும் ‘நார்’, ஒளியைக் குறிக்கும் ‘நூர்’, தமிழில் நாம் மினாரா என வழங்கும் ‘மனாரா’ ஆகிய மூன்றும் ஒரே வேரில் கிளைத்த அரபுச் சொற்கள். மனாரா என்பதன் நேர்ப்பொருள் ஒளியிடம் என்பதாகும். அலெக்சாந்திரியாவின் கலங்கரை விளக்கத்தையும் அரபு ஆசிரியர்கள் இச்சொல்லாலேயே குறித்தனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்துப் பள்ளிவாசலில் மினாரா இருக்கவில்லை. பிலால் (ரளி) அவர்கள் அருகிருந்த வீட்டின் கூரைமீது ஏறியே பாங்கு சொன்னார்கள். பின்னாளில் எழுந்த கோபுரத்திற்குக் கலங்கரை விளக்கத்தின் பெயர் அமைந்தது பொருத்தமே. இரண்டும் தூரத்தில் இருப்பவருக்காக நிற்பவை.

பள்ளிவாசல்களில் முதன்முதலில் விளக்கேற்றியவர் தமீமுத் தாரீ (ரளி) அவர்கள் என்று இப்னு மாஜாவில் ஓர் அறிவிப்பு உள்ளது. இதே தமீம் (ரளி) அவர்கள்தாம், கப்பலேறி ஒரு மாத காலம் அலைக்கழிக்கப்பட்ட வரலாற்றை நாயகத்திடம் எடுத்துரைத்தவர்கள் என்பது முஸ்லிம் நூலில் பதிவாகியிருக்கிறது. கடலில் திசையறியாது தவித்தவரே விளக்கேற்றியவர் என்னும் இவ்விணைப்பு சிந்திக்கத் தக்கது.

உஸ்மானியர் இம்மரபை ஒரு நிர்வாகமாகவே வளர்த்தனர். பெரும் பள்ளிவாசல்களின் வக்ஃபில் விளக்கெண்ணெய்க்கும் விளக்கேற்றும் பணியாளரின் ஊதியத்திற்கும் வழி செய்யப்பட்டிருந்தது. சுலைமானிய்யாவின் எண்ணெய் விளக்குகளின் புகை ஓரிடத்தில் சேருமாறு சினான் காற்றோட்டத்தை அமைத்தார் என்றும், அங்குப் படிந்த கரியிலிருந்து எழுத்துக்கலைஞர்களுக்கு மை செய்யப்பட்டது என்றும் மரபுவழிச் செய்தி ஒன்று கூறுகிறது. தொழுகைக்கு எரிந்த ஒளி கல்விக்கு மையாயிற்று என்று அந்நகரத்தார் நம்ப விரும்பினர் என்பதே நமக்கு ஒரு வரலாற்றுச் சான்று.

அக்காலத் தெருக்களோ இருண்டே கிடந்தன. இரவில் வெளியே செல்வோர் கையில் விளக்கின்றிச் செல்லலாகாது என்பது விதி. அவ்விருளின் நடுவேதான் ‘மஹ்யா’ என்னும் தனிக்கலை பிறந்தது. இரு மினாராக்களுக்கிடையே கயிறு கட்டி, அதில் எண்ணெய் விளக்குகளைத் தொங்கவிட்டு, ரமளான் இரவுகளில் வானத்தில் எழுத்துகளை எழுதுவதே அக்கலை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் சுல்தான் அஹ்மதின் காலத்தில் அது வேர்கொண்டதாகக் கூறுவர். கட்டமிட்ட தாளில் எழுத்தை முதலில் வரைந்து, எந்தக் கயிற்றில் எத்தனையாவது இடத்தில் எந்த விளக்கு அமைய வேண்டும் எனக் கணக்கிட்டு, காற்றையும் எண்ணெயின் அளவையும் கருதிச் செய்யவேண்டிய நுண்பணி அது. படகில் செல்வோரும் அதனைப் படிக்கலாம்.

1928இல் துருக்கியில் அரபு எழுத்து நீக்கப்பட்டு இலத்தீன் எழுத்து புகுந்தபோது, மஹ்யாவின் எழுத்தும் மாறிற்று. எண்ணெய் போய் மின்குமிழ் வந்தது. ஆயினும் கலை முற்றிலும் அழியவில்லை. அறிந்தோர் மிகச் சிலராயினும், இன்றும் ரமளானில் மினாராக்களிடையே வாசகங்கள் ஒளிர்கின்றன. பாட்டனார் வானில் படித்த எழுத்தைப் பேரன் அறியாதிருப்பது இங்கு நேர்ந்த இழப்பு. வடிவம் நின்றதனால் இழப்பின் அளவு கண்ணுக்குத் தெரிவதில்லை.

இனி நவீன ஒளி. 1850களில் தோல்மாபாஹ்ச்செ அரண்மனைக்கென எரிவாயு நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. அரண்மனைக்கு மிஞ்சிய வாயுவே பின்னர் பேயோலு பெருந்தெருவின் விளக்குகளுக்குச் சென்றது. 1914இல் பொற்கொம்பின் முனையில் சிலாஹ்தாராகா மின்நிலையம் இயங்கத் தொடங்கி, 1983 வரை உழைத்தது. இவ்வரிசையை உற்று நோக்குக: பழைய ஒளி பள்ளிவாசலில் தொடங்கிற்று, புதிய ஒளி அரண்மனையில் தொடங்கிக் கடைத்தெருவுக்குச் சென்றது. இன்று படகிலிருந்து காணும் ஒளியில் பெரும்பகுதி உணவகங்களும் விடுதிகளும் சாலைகளும் தருவதே. இதனைக் குறையென்று மட்டும் கூறிவிட நாம் முனையவில்லை. விளக்கில்லாத தெருவில் பெண்களும் முதியவர்களும் பட்ட துன்பத்தை மறந்து பழமையைப் போற்றுதல் நீதியன்று.

ஆயினும் இவ்வொளிக்கு ஒரு விலை உண்டு. அதனை அறிய இரு கரைகளில் இரண்டு இடங்களைக் காணவேண்டும். ஒன்று, ஐரோப்பியக் கரையில் தோப்ஹானே. அங்குதான் திமிஷ்கில் பிறந்த வானியலறிஞர் தகிய்யுத்தீன், மூன்றாம் முராதின் ஆதரவில் ஒரு வானாய்வு நிலையத்தை 1577இல் நிறைவு செய்தார். டென்மார்க்கில் டைக்கோ பிராகி தம் ஆய்வு நிலையத்தை எழுப்பிய அதே காலம் அது. ஆனால் 1580இலேயே அந்நிலையம் இடித்துத் தள்ளப்பட்டது. அரசவைப் போட்டியும் உலமாக்களுள் சிலரின் எதிர்ப்பும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. அன்று வானம் தெளிவாக இருந்தது. அதைப் பார்க்கும் கண்ணை மனிதர் மூடினர்.

மற்றொன்று, ஆசியக் கரையில் கந்தில்லி. அரபியின் ‘கிந்தீல்’ துருக்கியில் ‘கந்தில்’ ஆயிற்று. எனவே கந்தில்லி என்றால் விளக்குடைய ஊர் என்பது பொருள். 1868இல் தொடங்கப்பெற்ற அரசு வானாய்வு நிலையம் 1911இல் இக்குன்றுக்கு வந்தது. இன்று அது நிலநடுக்க ஆய்வுக்கே பெயர்பெற்றிருக்கிறது. ஒன்றரைக் கோடி மக்களுக்குமேல் வாழும் நகரின் வெளிச்சம் அக்குன்றின் வானத்தையும் சூழ்ந்துவிட்டது. தோப்ஹானேயில் ஆய்வகம் போயிற்று, வானம் இருந்தது. கந்தில்லியில் ஆய்வகம் இருக்கிறது, வானமோ மங்கிற்று.

இங்குதான் நமக்குரிய கேள்வி எழுகிறது. ஆயா சோபியாவின் குவிமாடத்தில் 19ஆம் நூற்றாண்டில் கஸஸ்கர் முஸ்தஃபா இஸ்ஸத் எஃபெந்தி எழுதியது, நூர் அத்தியாயத்தின் 35ஆம் வசனம். விளக்கை உவமையாகக் கொண்ட வசனம் அது. அன்ஆம் அத்தியாயத்தின் 97ஆம் வசனமோ, தரையிலும் கடலிலும் இருளில் வழியறிவதற்கான சான்றுகளாக விண்மீன்களைக் குறிப்பிடுகிறது. விளக்கும் வேண்டும், விண்மீனும் வேண்டும். பிறைக்காக அடிவானத்தை நோக்கும் சமுதாயத்திற்கு இருளும் ஓர் அமானிதமே. நம் ஊர்ப் பள்ளிவாசல்களிலும் தர்காக்களிலும் விழாக்காலங்களில் ஆண்டுக்காண்டு மின்விளக்குகளைப் பெருக்குவோர், இவ்விளக்கு யாருக்கு வழிகாட்டுகிறது என்று ஒருமுறை கேட்டுக்கொள்வாராக.

தமீமுத் தாரீ (ரளி) அவர்கள் ஏற்றிய விளக்கு மிகச் சிறியது. தொழுபவர் தம் அருகிருப்பவரை அறிய அது போதுமாயிருந்தது. வானத்து விண்மீன்களை அது மறைக்கவில்லை. அந்த அளவை மீண்டும் கற்றுக்கொள்ளுதலே, ஒளிமிகுந்த நகரங்களில் வாழும் இக்காலத்தவர்க்குரிய பாடம் எனக் கருதுகிறோம்.