டப்பா துப்பாக்கியும் புள்ளலூர் சண்டையும்

போன மாதம் பக்கத்து வீட்டுத் தம்பியோடு சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். ஒரகடத்தில் லாரி செய்யும் ஆலையில் வேலை பார்க்கிற பையன். பழைய துப்பாக்கிகளைப் பார்த்துவிட்டு, "நூறு கஜத்துக்கு மேல குறி வைக்கவே முடியாதாமே சார்? சுத்த டப்பா! இதை வெச்சுக்கிட்டுத்தான் புள்ளலூர்ல ஐதர் அலிகிட்ட வெள்ளைக்காரன் தோத்தான் போல" என்றான்.

நான் உடனே ஒன்றும் சொல்லவில்லை. ஸ்ரீபெரும்புதூர் திரும்பும் பஸ்ஸில் கேட்டேன்: "நீங்க செய்யுற லாரி ஸ்கூட்டர் அளவுக்கு மைலேஜ் கொடுக்குமா தம்பி?" "அது எப்படி சார் கொடுக்கும்? அது பாரம் இழுக்கச் செஞ்சது." "துப்பாக்கிக்கும் அதே நியாயம்தான்" என்றேன். அன்று பஸ்ஸில் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்கள் வைத்திருந்தது 'பிரவுன் பெஸ்' வகை மஸ்கெட். குழலின் உள்விட்டம் முக்கால் அங்குலம். போடுகிற ஈயக் குண்டோ சுமார் 0.69 அங்குலம்தான். குண்டு குழலுக்குள் லொடலொடவென்று ஆடும். அதனால் குறி தப்பும். இது செய்தவனின் கவனக்குறைவு அல்ல, வேண்டுமென்றே விட்ட இடைவெளி. சில முறை சுட்டதும் வெடிமருந்துக் கரி குழலில் படிந்துவிடும். குண்டு இறுக்கமாக இருந்தால் உள்ளே இறங்காது. தளர்வாக இருந்ததால்தான் நன்கு பழகிய சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று முறை சுட முடிந்தது. அந்தக் காலத்து ரைபிள் குறி தவறாது, ஆனால் ஒருமுறை நிரப்பவே கிட்டத்தட்ட ஒரு நிமிடம் பிடிக்கும்.

மஸ்கெட்டின் இலக்கு ஒரு ஆள் அல்ல, எதிரே தோளோடு தோள் நிற்கும் ஒரு வரிசை. நூறு பேர் ஒன்றாகச் சுட்டால் யார் குண்டு யார் மேல் பட்டது என்பது முக்கியமில்லை. பின்பக்கக் குறிக்காட்டியே அதில் கிடையாது. முனையில் பயனெட் என்ற குத்துக்கத்தியை மாட்டிவிட்டால் குதிரைப்படையைத் தடுக்கும் ஈட்டியாகிவிடும். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு முதலில் தெரிந்த சொல் 'ஃபுசீ'. பிரெஞ்சுக்காரனின் ஷார்ல்வில் துப்பாக்கியும் இதே தத்துவம்தான். ஐதரிடம் இருந்த லாலி என்ற பிரெஞ்சுக்காரரின் ஆட்கள் கையிலும் இந்த வகைதான். (எங்கள் பாடப்புத்தகத்தில் வந்த லாலி வேறு, வந்தவாசியில் தோற்ற அவரை 1766-லேயே பாரிஸில் தலையை வெட்டிவிட்டார்கள்.)

இனி புள்ளலூருக்கு வருவோம். காஞ்சிபுரத்துக்கு அருகில்தான் இருக்கிறது. 1780 செப்டம்பரில் கர்னல் பெய்லி குண்டூர்ப் பக்கத்திலிருந்து காஞ்சிபுரம் நோக்கி வந்தார். அங்கே பெரிய படையோடு இருந்தவர் ஹெக்டர் முன்ரோ, 1764-ல் பக்சாரில் ஜெயித்த அதே முன்ரோ. செப்டம்பர் 6-ந் தேதி திப்பு பெரம்பாக்கம் அருகே பெய்லியை மறித்தார். முன்ரோ ஓர் உதவிப் படையை மட்டும் அனுப்பினார், தான் வரவில்லை. 10-ந் தேதி காலை ஐதரும் திப்புவும் சேர்ந்து சூழ்ந்துகொண்டார்கள். பெய்லியிடம் இருந்தது ஏறக்குறைய 3,800 பேர்; பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்கள்.

அப்போதும் அவர்கள் வரிசை குலையாமல் நின்று சுட்டார்கள். வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. ராக்கெட் பட்டு என்றும் பீரங்கிக் குண்டு பட்டு என்றும் இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்கள். மைசூர் ராக்கெட்டும் குறி பார்த்து அடிக்கும் கருவி அல்ல. கூட்டத்தைக் கலைக்கவும், மாடு குதிரைகளை மிரட்டவும், வண்டிகளுக்குத் தீ வைக்கவும் செய்தது. தோட்டா தீர்ந்தபின் மஸ்கெட் வெறும் ஈட்டி. நாலாபுறமும் பீரங்கியும் குதிரைப்படையும் நிற்கும்போது ஈட்டி எத்தனை நேரம் தாங்கும்? பெய்லி சரணடைந்தார்; 1782-ல் ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையில் இறந்தார். முன்ரோ தன் பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்தில் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார்.

அடுத்த ஆண்டு, 1781 ஆகஸ்ட் 27, அதே புள்ளலூரில் மறுபடி சண்டை. அதே வகை மஸ்கெட்டோடு ஐர் கூட் வந்தார். பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் அன்று களத்தை விட்டு விலகியது ஐதர்தான். துப்பாக்கி மாறவில்லை. படை பிரியாமல் சேர்ந்து வந்தது, அவ்வளவுதான். கம்பெனி தன் படைக்கென்று செய்வித்த, 39 அங்குலக் குழலுள்ள 'இந்தியா பேட்டர்ன்' மஸ்கெட்டை 1790-களில் பிரிட்டிஷ் ராணுவமே வாங்கிக்கொண்டது. டப்பாவாக இருந்தால் வாங்குவார்களா?

முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு பார்த்தவன் நான். ஒரு காரியம் கெட்டால் பழியைச் சாமான் மேல் எழுதி முடிப்பது சுலபம். சாமான் பதில் விளக்கம் கொடுக்காது. "துப்பாக்கி சரியில்லை" என்று எழுதிவிட்டால், சில மைல் தூரத்தில் படையோடு உட்கார்ந்திருந்தவரை யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. கடைசிவரை சுட்டு நின்ற சிப்பாய்களோ சுடத் தெரியாதவர்கள் ஆகிவிடுவார்கள்.

புள்ளலூர் வயல்வெளியில் இரண்டு ஆங்கிலேய அதிகாரிகளுக்கு நினைவுத்தூண்கள் நிற்கின்றன. அந்தச் சிப்பாய்களுக்கு ஒரு கல்லும் இல்லை. இதைச் சொன்னபோது தம்பி கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தான். "அடுத்த ஞாயிறு லீவுதான் சார், பைக்குல போய்ப் பார்த்துட்டு வரலாமா?" என்று கேட்டான். சரி என்றிருக்கிறேன்.