அரிப்புப் பார்களும் எண்ணிக்கை உயிரியலும்

மன்னார்த் தீவுக்குத் தெற்கே பெருநிலக் கரையிலுள்ள அரிப்பு, பழைய கோட்டையாலும் ஆங்கில ஆளுநர் பிரெடெரிக் நோர்த் கட்டுவித்த டொறிக் மாளிகையாலும் இன்று அறியப்படுகிறதெனினும், அவ்வூரின் பெயரைக் கடல் கடந்து கொண்டுசென்றவை கரைக்கு அப்பாலிருந்த முத்துச்சிப்பிப் பார்களே. பார் என்பது கடலடி மணலின் நடுவே சிப்பிகள் பற்றி வளரும் கற்றரை. அங்கு நடந்த சலாபம், அதாவது அரசு அறிவித்து நடத்திய முத்துக்குளிப்பு, மூச்சடக்கும் சுழியோடிகளின் துணிவாகவே பெரிதும் எழுதப்பட்டு வந்துள்ளது. அதன் முன்னும் பின்னும் நடந்த கணக்கீடோ, இன்று உயிரியல் பட்டப்படிப்பு மாணவர் ஆய்வுகூடக் கணினியில் செய்யும் பயிற்சிக்கு மிக நெருங்கியதாயிருந்தும், உரிய கவனம் பெறவில்லை.

சலாபத்தை அறிவிக்குமுன் பார்களின் மேற்பார்வையாளர் சுழியோடிகளைப் பல இடங்களில் இறக்கி, கிடைத்த சிப்பிகளின் தொகையையும் வயதையும் குறித்து, முழுப் பாரின் வளத்தையும் மதிப்பிட்டார். சில ஆயிரம் சிப்பிகள் மாதிரியாக எடுக்கப்பட்டு, அழுகவிட்டுக் கழுவப்பட்டு, அவற்றின் முத்துகளைக் கொண்டு ஆயிரம் சிப்பிக்கு என்ன விலை தேறும் என்று காணப்பட்டது. முத்துகள் முதலில் 20 துளை தொடங்கி 1000 துளை வரையுள்ள பத்துச் சல்லடைகளில் பருமன்வாரியாகப் பிரிக்கப்பட்டன. பின்னர் வடிவமும் ஒளியும் நோக்கி, குறையற்ற ஆணி முதல் கடைத்தரமான தூள் வரை வகுக்கப்பட்டன. உயர்ந்த வகைகளுக்குச் செவ்வு என்னும் அளவை இருந்தது: மஞ்சாடி நிறையின் வர்க்கத்தை முக்காலால் பெருக்கி, முத்துகளின் எண்ணிக்கையால் வகுப்பது. பத்து முத்துகள் சேர்ந்து 10 மஞ்சாடி நிறுத்தால் செவ்வு ஏழரை. ஒரே முத்து அந்நிறை இருந்தால் 75. பருத்த முத்தின் அருமையை ஒரு சூத்திரத்துக்குள் அடக்கிய முத்து வணிகரின் கணிதத்தைப் பாராட்டாமலிருக்க முடியாது.

எண்ணிய சிப்பிகள் ஏன் மறைந்தன என்பதே விடைகாண அரிதாயிருந்தது. இலங்கையிற் பிறந்த மருத்துவர் எட்வர்ட் கெலார்ட் 1850களின் இறுதியில் சிப்பியின் வாழ்முறையை ஆராய்ந்து, அது தன்னைப் பிணைத்துள்ள நார்க்கற்றையை விடுத்து இடம்பெயர வல்லது என்று கண்டார். 1891க்குப் பின் பல்லாண்டு சலாபம் நடவாமற்போகவே, லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மன் 1902இல் வரவழைக்கப்பட்டார்; உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்னெல் அவருக்குப் பின்னும் தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். பெரிய பார் எனப் பெயர்பெற்ற பார் மீண்டும் மீண்டும் இளஞ்சிப்பிகளால் நிறைந்தும் அவை முதிருமுன்னே அழிந்ததை ஆராய்ந்த ஹேர்ட்மன், அச்சிப்பிகளைப் பாதுகாப்பான பார்களுக்குப் பெயர்த்து வளர்க்கலாம் என்றார். எண்ணிக்கை சரியாயிருந்தும் முன்கணிப்பு பிழைத்த இடம் அது.

கணினி உயிரியல் வகுப்புக்குள் வந்தபோது இக்கணக்கின் உழைப்பு நீங்கியது. 1986இல் அமெரிக்காவின் பெலோயிற் கல்லூரியில் ஜோன் ஜங்க் முன்னின்று தொடங்கிய பயோகுவெஸ்ட் என்னும் உயிரியல் கல்வித் திட்டம், விடையை முன்கூட்டித் தராமல் மாணவரே வினா எழுப்பி, தரவு திரட்டி, சக மாணவரை ஏற்கச் செய்யவேண்டும் என்ற முறையை வலியுறுத்தியது. ஆயினும் மாதிரியெடுப்பைக் கற்பிக்கும் பயிற்சிகள் பல, திரையில் புள்ளிகளைச் சீராகத் தூவி, மாணவர் எண்ணியது மெய்த்தொகையை நெருங்குவதைக் காட்டி முடிந்துவிடுகின்றன. பெரிய பாரின் வரலாற்றைப் பயிற்சியாக்கினால், எண்ணிய பின்னும் குடித்தொகையை அழிக்கும் நீரோட்டமும் மணலும் இரைதேடும் மீனும் கணக்குக்குள் வந்தாகவேண்டும்.

அவற்றைக் கணக்கில் கொள்ளாததன் விலையை ஒரு நிறுவனம் செலுத்தியது. 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டு, அரசுக்கு 25 இலட்சம் ரூபாவளவில் வருவாய் கிடைத்தது. அடுத்த ஆண்டே லண்டன் நிறுவனமொன்று பார்களை ஆண்டுக்கு 3,10,000 ரூபா வீதம் 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பின் பார்கள் வறண்டன, அடுத்த சலாபம் 1925இல்தான் நடந்தது, அதற்கு நெடுங்காலம் முன்பே அந்நிறுவனம் கலைந்துவிட்டது.