தமிழ்க் குறியேற்ற மாற்றம்

தமிழ்க் குறியேற்ற மாற்றம் என்பது ஒரு குறியேற்ற முறையில் உள்ள தமிழ் உரையை வேறொரு முறைக்குக் கொண்டுசெல்லும் செயற்பாடு ஆகும். பெரும்பாலும் இது பாமினி, திஸ்கி, டாப், டாம் முதலிய பழைய முறைகளில் தட்டச்சு செய்யப்பட்ட கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுவதையே குறிக்கும். உரிய எழுத்துரு இல்லாத கணினியில் இத்தகைய கோப்பைத் திறந்தால், தமிழுக்குப் பதிலாக இலத்தீன் எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் மட்டுமே தெரியும்.

பின்னணி

ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்துவைத்தன. இலங்கையிலும் புலம்பெயர் தமிழரிடையேயும் பரவலாக வழங்கிய பாமினியில் 'தமிழ்' என்னும் சொல் ஜே, கே, பி, ஓ ஆகிய நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் சேமிக்கப்படுகிறது. அதைத் தமிழாகக் காட்டுவது எழுத்துருவே. கோப்பில் தமிழ் என்பதற்கான குறிப்பு வேறெதுவும் இல்லை. திஸ்கி, டாப் ஆகியவை ஆங்கிலத்துக்குக் கீழ்ப்பாதி இடங்களை விட்டுவிட்டு மேற்பாதியில் தமிழை அமைத்தன. சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து 1999இல் தமிழ்நாடு அரசு டாப், டாம் ஆகியவற்றைத் தரங்களாக அறிவித்தது. பின்னர் 2010இல் ஒருங்குறியும் டேஸ்-16 என்னும் 16 பிட்டு முறையும் அரசின் தரங்களாயின.

ஒருங்குறியில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தனித் தொகுதி உண்டு. விண்டோஸ் இயங்குதளங்களுள் அதனை முதலில் ஆதரித்தது விண்டோஸ் 2000 ஆகும்.

வடிவமும் எழுத்தும்

மேற்கூறிய பழைய முறைகள் கண்ணுக்குத் தெரியும் வடிவத்தை இடமிருந்து வலமாகப் பதிவு செய்கின்றன. ஒருங்குறியோ ஒலிப்பு வரிசையில் எழுத்தைப் பதிவு செய்கிறது. 'கொ' என்பது பழைய முறையில் கொம்பு, ககரம், கால் என மூன்று வடிவங்கள். ஒருங்குறியில் அது ககரமும் அதன் பின் வரும் ஒகரக் குறியும் ஆகும். எனவே ஒன்றுக்கு ஒன்று பதிலிட்டால் போதாது. கொம்பை மெய்க்குப் பின்னே நகர்த்தவும் வேண்டும். அவ்வாறு நகர்த்தியபின் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக விட்டுவிட்டால் 'கொ' சரியாகவே தோன்றும். ஆயினும் குறிகளை இயல்பாக்காமல் தேடும் மென்பொருள்கள் அச்சொல்லைக் கண்டுபிடிக்கமாட்டா.

வழக்கமான பிழைகள்

ஔகாரக் குறியின் வலப்பகுதியும் ளகரமும் ஒரே வடிவம் உடையவை. பழைய முறைகள் பலவற்றில் இரண்டுக்கும் ஓரிடமே இருந்ததால், கொம்பும் மெய்யும் ளகர வடிவமும் அடுத்தடுத்து வந்தால் அது ஔகாரமா, எகரமும் ளகரமுமா என்பது கோப்பில் இராது. எல்லாவற்றையும் ஔகாரமாகக் கொண்ட மாற்றிகளால் 'வெளியீடு' என்பது 'வௌியீடு' என்றும், 'வெள்ளம்' என்பது 'வௌ்ளம்' என்றும் ஆயின. எதிர்ப்புறம் சாய்ந்த மாற்றிகள் 'கௌரவம்' என்பதைக் 'கெளரவம்' ஆக்கின. திரையில் இவை ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால் மெய்ப்புத் திருத்துவோர் கண்ணிலும் படுவதில்லை.

இதே வகையில் ரகரமும் காலும் குழம்புகின்றன. தட்டச்சுப் பொறிப் பழக்கத்தில் ர், ரி ஆகியவற்றுக்குக் காலையே அடித்து வந்தனர். மாற்றியபின் 'அவர்' என்பது 'அவா்' ஆகிறது. 'பெரிய' என்பதில் கொம்பும் காலும் இணைந்து 'பொிய' ஆகிவிடுகிறது. சில கணினிகளில் நடுவே ஒரு புள்ளிவட்டம் தோன்றிப் பிழையைக் காட்டிக்கொடுக்கும். எல்லாவற்றிலும் அவ்வாறு நிகழ்வதில்லை.

பாமினியில் வேறொரு தொல்லையும் உண்டு. சொற்செயலி வாக்கியத்தின் முதலெழுத்தைத் தானாகவே பேரெழுத்தாக்கினால் தகரம் துகரமாகும். 'தமிழ்' அங்கே 'துமிழ்' என நிற்கும். இது மாற்றத்தின் பிழையன்று, மூலத்திலேயே புகுந்தது.

திருத்தும் முறை

மேற்கண்ட பிழைகளுட் பல ஐயமின்றித் திருத்தக்கூடியவை. காலை அடுத்துப் புள்ளியோ இகரக் குறியோ தமிழில் வாராது. ஆகவே அங்குள்ள கால் ரகரமே. அவ்வாறே ஒகரக் குறியை அடுத்து இகரக் குறி வந்தால் அது எகரமும் 'ரி'யும் ஆகும். ஔகாரக் குறியை அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அங்குள்ளது ளகரம். எந்தக் குறியும் பின்தொடராத இடமே கடினமானது. எழுத்துத் தமிழில் அங்கே ஔகாரம் என்று கொள்வது பெரும்பாலும் பொருந்தும். பேச்சுத் தமிழில் எழுதப்பட்ட கதைகளில் அவ்விதி தவறும். 'கெளம்பு' என்பது 'கௌம்பு' ஆகிவிடும். இத்தகைய நூல்களை ஆள் படித்துப் பார்ப்பதன்றி வேறு வழியில்லை.

கோப்பு நிலைச் சிக்கல்கள்

பாமினியில் மொழிவேறுபாடு எழுத்துருவின் பெயரில் மட்டுமே இருப்பதால், ஆவணத்தை வெற்று உரையாகச் சேமித்தால் அவ்வேறுபாடு அழியும். அதன்பின் மாற்றினால் இடையிலுள்ள ஆங்கிலப் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் பொருளற்ற தமிழெழுத்துகளாகும். ஆகவே எழுத்துருத் தகவல் உள்ள மூலக்கோப்பிலிருந்தே மாற்றவேண்டும். மாற்றியபின்னும் மூலத்தை அழித்தல் கூடாது. முதன்முறை எழுந்த பிழை பின்னர் தெரியவந்தால் மீண்டும் மாற்றுவதற்கு அது ஒன்றே சான்று.

பழைய பிடிஎப் கோப்புகளில் எழுத்துரு உட்பொதிந்திருந்தால் பக்கம் சரியாகத் தோன்றும். நகலெடுத்து ஒட்டும்போதுதான் இலத்தீன் எழுத்துகள் வெளிப்படும். கோப்பின் பண்புகள் பகுதியில் எழுத்துருவின் பெயரைக் காணலாம். பெயர் கிடைக்காதபோது உரையே குறிப்புத் தரும்: ஆங்கில எழுத்துகளிடையே அரைப்புள்ளிகள் மிகுந்திருந்தால் பாமினி அல்லது அதன் வழிவந்த எழுத்துரு என ஐயுறலாம், ஏனெனில் அரைப்புள்ளியே அங்கு மெய்ப்புள்ளி. குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகள் மிகுந்திருந்தால் திஸ்கி, டாப் முதலியவற்றை முயலலாம்.

மாற்றிகள்

பொங்குதமிழ், அதியமான் மாற்றி, என்எச்எம் மாற்றி ஆகியவை பரவலாக அறியப்பட்டவை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களும் மயிலை முதலிய எழுத்துருக்களிலிருந்து திஸ்கிக்கும், பின்னர் ஒருங்குறிக்கும் மாறி வந்தவையே.